கொலையைச் செய்து பார்த்த மதிப்புரைக்காரர்

அந்த நாளில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் துப்பறியும் நாவல் எழுதாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் எழுதினார், கிராம முன்சீப் எழுதினார், லால்குடியில் ஒரு மிருதங்க வித்துவான்கூட எழுதினார். சென்னைப் பதிப்பாளர்கள் இவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டதால் அவரவர் கைக்காசைப் போட்டு அச்சடித்துக்கொண்டார்கள். அட்டையில் ஒரு கத்தி, ஒரு பெண், ஒரு மோட்டார் கார். உள்ளே துப்பறியும் நிபுணர் சித்திரை மாதத்து உச்சி வெயிலில் ஓவர்கோட் போட்டுக்கொண்டு தெப்பக்குளத்தைச் சுற்றுவார். படிக்கிற நமக்கு வேர்க்கும், அவருக்கு வேர்க்காது.

இத்தனை கொலைகளை அஞ்சாமல் எழுதிய இந்த வீரர்கள் எல்லோரும் ஒரே ஒரு மனிதருக்குத்தான் பயந்தார்கள். அவர் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா, ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதி சக்ரபாணி ஐயங்கார்.

நான் பிலோமின்ராஜ். பாலக்கரையில் அச்சுக்கூடம் வைத்து ‘உச்சிமணி’ என்று ஒரு வாரப் பத்திரிகை நடத்தினேன். எழுத்தாளர்களோடு பழகிப் பழகி எனக்கு மனித குலத்தின் மேலேயே ஒரு கடுப்பு உண்டு. முசுடு என்பார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் சக்ரபாணி ஐயங்காரை நினைத்தால் மட்டும் கோபத்துக்கு முன்னால் சிரிப்பு வந்து நின்றுகொள்கிறது.

முதலில் அவர் என் அச்சுக்கூடத்துக்கு வந்தது பெண்ணின் கல்யாணப் பத்திரிகை அடிக்க. நான் புரூப் எடுத்து வருவதற்குள், மதிப்புரைக்கு வந்து மேஜையில் குவிந்து கிடந்த நாவல்களில் ஒன்றை எடுத்து நின்றபடியே படித்துவிட்டார்.

“எடிட்டர்வாள், இது நடக்காது” என்றார்.

“எது?”

“திருடன் கோபுரத்து மேலேர்ந்து குடையைப் பிடிச்சுண்டு குதிச்சுத் தப்பிக்கிறானே, அது.”

“நடக்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? குதிச்சுப் பார்த்தீங்களா?” என்று கேட்டேன். எரிச்சலில் கேட்டதுதான். மனிதர் நெற்றியைச் சுருக்கி யோசித்துக்கொண்டே போனார்.

அடுத்த வாரம் கல்யாணப் பத்திரிகையை வாங்க நொண்டிக்கொண்டு வந்தார். மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். “குடை தாங்காது. கோபுரம் வேண்டாம், மாட்டுக் கொட்டகைக் கூரையிலிருந்தே தாங்கவில்லை. குடை மேல் நோக்கி விரிந்து தாமரைப் பூவாகிவிட்டது. ஆசிரியர் மறுபதிப்பில் திருடனுக்குப் படிக்கட்டு வைப்பது நலம். செய்து பார்த்தேன்: நடக்காது.”

நான் அதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் போட்டேன். அந்த வாரம் ‘உச்சிமணி’ ஜங்ஷன் கடையில் மதியத்துக்குள் தீர்ந்துபோயிற்று.

அன்று ஆரம்பித்தது. ஊரில் அடித்த ஒவ்வொரு துப்பறியும் நாவலும் கீழச் சித்திரை வீதிக்குப் போய், சக்ரபாணி ஐயங்காரின் உடம்பில் பரீட்சை எழுதிவிட்டுத் திரும்பியது. ஓவர்கோட் விஷயத்தை அவர் விடவில்லை. ஒரு ரயில்வே கார்டிடம் கம்பளிக் கோட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு பங்குனி வெயிலில் தெப்பக்குளத்தைச் சுற்றினார். பாதிச் சுற்றில் படியில் உட்கார்ந்துவிட்டார், சோடாக் கடைக்காரன் வந்து முகத்தில் தெளித்தான். இன்னொரு நாவலில் கொலைகாரன் தாமரைத் தண்டு வழியாக மூச்சு விட்டுக்கொண்டு முக்கொம்பில் தண்ணீருக்குள் பதுங்கியிருந்தான். அதையும் செய்து பார்த்தார். பரிசல்காரர் நல்லுசாமி குடுமியைப் பிடித்துக் கரையேற்றிப் போட்டுவிட்டு, “சாமி, உங்களுக்கு என்ன கஷ்டமோ தெரியாது, ஆனா பெருமாள் கொடுத்த உசிரு” என்று புத்தி சொல்லியிருக்கிறார். ஐயங்கார் வாயிலிருந்து தண்ணீரைத் துப்பிவிட்டு, “தண்டு நீளம் போதாது” என்றாராம்.

மதிப்புரையின் கடைசி வரிதான் தீர்ப்பு. ‘செய்து பார்த்தேன்: நடக்கும்’ என்று இருந்தால் புத்தகம் பறக்கும். ‘நடக்காது’ என்று இருந்தால் ஆசிரியர் வீட்டுப் பரணில் ஏறும், பிறகு அங்கிருந்து கடலைக்காரனிடம் இறங்கும்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த சக்ரபாணி ஐயங்கார். ஊருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த நாவல்களையெல்லாம் அவருக்கு முன்னால் படித்துவிடுகிறவர் அவருடைய மனைவி குமுதவல்லி மாமி. ஐயங்கார் ஆபீசிலிருந்து வருவதற்குள் மாமி கொலைகாரனைப் பிடித்து வைத்திருப்பார். ஆனால் சொல்லமாட்டார். ஒரு நாவலுக்காக ஐயங்கார் மரப்பெட்டிக்குள் படுத்து மூடிக்கொண்டு மூச்சுத் திணறியபோது, மேலே உட்கார்ந்து முறுக்குக்கு மாவு பிசைந்தபடி, “உள்ளே இருக்கறச்சே யோசிச்சுப் பாருங்கோ, யார் கொன்னிருப்பான்னு தெரியும்” என்றவர் அவர்.

மாமி வீட்டை விட்டுத் தனியாகப் போனது காவேரிப் படித்துறை வரைக்கும்தான். கீழச் சித்திரை வீதியில் ஒரு பெண்பிள்ளை வாசல்படி இறங்கினால், “எங்கே கிளம்பிட்டேள்?” என்று எதிர்வீடு கேட்கும். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து வீடு கேட்கும். மூலை வீட்டு வீரராகவன் என்பவர் வருகிறவர்களையும் போகிறவர்களையும் விசாரிப்பதையே உத்தியோகமாக வைத்திருந்தார். அந்தத் தெருவில் கொலை வேண்டுமானால் செய்யலாம், சொல்லாமல் போக முடியாது.

இந்த இடத்தில்தான் என் தங்கை அக்னஸ் வருகிறாள். கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்று என் வீட்டிலேயே இருந்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது, “அண்ணே, நான் ஒரு துப்பறியும் நாவல் எழுதியிருக்கேன்” என்றாள். எனக்குப் புரை ஏறிவிட்டது. வீட்டுக்கு வெளியே இருந்த கூட்டம் போதாதென்று உள்ளேயும் ஒன்று.

‘ஏழாம் மதில் மர்மம்’, இரண்டு பாகம். முதல் பாகத்தை அவள் சம்பளத்தில் நானே அடித்துக் கொடுத்தேன். ஆனால் தெளிவாகச் சொல்லிவிட்டேன்: “ஐயங்கார் ‘நடக்கும்’னு எழுதினா ரெண்டாம் பாகத்தை அச்சுக்கு எடுக்கிறேன். ‘நடக்காது’ன்னு எழுதினா என்கிட்ட கேக்காத. தங்கச்சிங்கிறதுக்காக ஊரை ஏமாத்தினேன்னு எனக்குப் பேர் வரக்கூடாது.”

“சரிண்ணே” என்றாள். ஆனால் இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தை எழுதாமல் நிறுத்திக்கொண்டாள். அச்சுக்கு எடுத்தால்தான் எழுதுவாளாம். பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து.

கதை இதுதான். ஸ்ரீரங்கத்தில் பட்டப்பகலில் ஒரு ஜமீன்தாரின் மரகத அட்டிகை திருடுபோகிறது. காவல்காரன் கொலையாகிக் கிடக்கிறான். தெருமுனைகளில் எல்லாம் போலீஸ். திருடியவள் அந்த வீட்டுக் கிணற்றிலேயே குளித்து, ஈர மடிசார்ப் புடவையோடு, குடத்துத் தண்ணீருக்குள் அட்டிகையைப் போட்டு, இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வருகிறாள். குளித்து ஈரத்தோடு தண்ணீர் கொண்டு வருகிற பெண் மடி. அவளை யாரும் தொடக்கூடாது, குறுக்கே போகக்கூடாது. பேச்சுக் கொடுக்கவும் மாட்டார்கள். ஆண்கள் ஒதுங்கித் தலையைக் குனிந்துகொள்வார்கள். போலீஸ்காரனும் ஒதுங்கித் தலையைக் குனிந்துகொள்கிறான். அவள் ஊரின் நடுவே நடந்து காவேரிப் பாலத்தில் ஏறுகிறாள். முதல் பாகம் முற்றும். அவள் யார்? இரண்டாம் பாகத்தில்தான் தெரியும்.

ஐயங்கார் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேராக அச்சுக்கூடத்துக்கு வந்தார். முகத்தில் ஒரு சங்கடம்.

“எடிட்டர்வாள், தப்பா நினைச்சுக்கப்படாது. உங்க சகோதரி ரொம்ப நன்னா எழுதியிருக்கா. ஆனா மடின்னா என்னன்னு தெரியலை. மடி ஜலம் காவேரிலேர்ந்து ஆத்துக்கு வரும். ஆத்துலேர்ந்து காவேரிக்குப் போகுமோ? இவ ஈரப் புடவையோட, நிறைகுடத்தோட ஊருக்குள்ளேர்ந்து காவேரியைப் பார்த்து நடக்கிறா. திசையே தப்பு! ஸ்ரீரங்கத்துல சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடிச்சுடும்.”

நானே அடித்த புத்தகம், எனக்கே இது தோன்றவில்லை. தடுப்புக்குப் பின்னால் புரூப் பார்த்துக்கொண்டிருந்த அக்னஸ் எழுந்து வந்தாள்.

“வணக்கம் சார். நான் வேணும்னுதான் அப்படி எழுதினேன்.”

“வேணும்னேவா?”

“நான் வாராவாரம் ஸ்ரீரங்கத்துக்கு டியூஷனுக்கு வரேன். மடியா யாராவது வந்தா முதல்ல ஒதுங்க வேண்டியவ நான்தான். எத்தனையோ தடவை ஒதுங்கியிருக்கேன். ஒதுங்கி நிக்கிறவங்களுக்குத்தான் சார் ஒண்ணு தெரியும். யாரும் அவங்க முகத்தைப் பார்க்கிறதில்ல. முகத்தையே பார்க்காதவங்க திசையை எங்க பார்க்கப் போறாங்க?”

“இது எங்காத்து வழக்கம்மா. எனக்குத் தெரியாதா?”

“அப்போ செஞ்சு பார்த்துட்டுச் சொல்லுங்க. செய்து பார்க்காம எழுதறது மதிப்புரையே இல்லைன்னு போன மாசம்தான் நீங்க எழுதினீங்க. நான்தான் புரூப் பார்த்தேன்.”

கூரையிலிருந்து குதித்தவர், ஆற்றில் முங்கியவர், இதில் மாட்டிக்கொண்டார். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிறகு அவர்கள் வீட்டில் நடந்ததை மாமியே அக்னஸிடம் சொன்னார். ஐயங்கார் கதவைச் சாத்திக்கொண்டு, மாமியின் ஒன்பது கஜப் புடவையைத் தானே கட்டிக்கொண்டு, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக் கூடத்தில் நடந்து காட்டியிருக்கிறார். மாமி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்.

“வேண்டாம், விடுங்கோ. இந்த நடையோட வாசல்ல இறங்கினேள்னா நாய் துரத்தும். அப்புறம் அந்தப் பொண்ணோட புஸ்தகத்துக்கு ‘நடக்காது’ன்னு எழுதுவேள். நடக்கத் தெரியாதது உங்களுக்கு, பழி அவளுக்கா? எனக்கு ரெண்டாம் பாகம் வந்தாகணும். அவ யாருன்னு தெரியாம எனக்கு ரெண்டு நாளா சாதம் இறங்கலை. நான் போறேன்.”

ஐயங்கார் திடுக்கிட்டாலும், சோதனை என்று வந்துவிட்டால் அவர் நியாயஸ்தர். ஏற்பாடு பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமி வீட்டுக் கிணற்றில் குளித்து, நிறைகுடத்தோடு வாசலில் இறங்க வேண்டியது. மொட்டைக் கோபுரம் தாண்டி, அம்மா மண்டபம் சாலையோடு போய், மாம்பழச் சாலையில் பாலம் தொடங்குகிற இடத்தில் காத்திருக்கும் ஐயங்காரிடம் வந்து நிற்க வேண்டியது. வழியில் ஒருத்தர் “எங்கே?” என்று கேட்டாலும் ‘நடக்காது.’

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை பார்த்துவிட்டு வந்து நான் மத்தியானச் சாப்பாட்டில் கை வைத்த நேரம். வாசலில் நிழல் தட்டியது. எட்டிப் பார்த்தேன். ஒரு ஐயங்கார் மாமி, ஒன்பது கஜம், தலையில் சுற்றிய துண்டு, இடுப்பில் பித்தளைக் குடம். பாலக்கரையில்! கோயில் மணியும் மார்க்கெட் சத்தமும் மாட்டு வண்டியுமாக இருக்கிற எங்கள் தெருவில்! நான் என்ன செய்தேன் தெரியுமா? என் வீட்டு வாசலில் நானே சுவரோடு ஒதுங்கித் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஏழாம் மதில் மர்மம் எழுதினவாளோட ஆத்து வாசல் இதுதானே?” என்று குரல் கேட்டது.

அக்னஸ் உள்ளிருந்து ஓடி வந்தாள்.

“நீங்கதானே எழுதினேள்? நான் குமுதவல்லி. மதிப்புரை எழுதறாரே, அவர் ஆத்துக்காரி. நீங்க எழுதினது அத்தனையும் நிஜம். ஒரு ஈ காக்கா கேக்கலை. வீரராகவனே கேக்கலை! சரி, ரெண்டாம் பாகம் எங்கே?”

மாமியின் புடவை எப்போதோ காய்ந்துபோயிருந்தது. முகம் வெயிலில் சிவந்து, கண் இரண்டும் பளபளவென்று இருந்தது. பாலத்தின் நடுவில் குடம் கனக்கிறதென்று தண்ணீரைக் காவேரியிலேயே கொட்டிவிட்டாராம். சிந்தாமணியில் ஒரு ஜட்கா ஒதுங்கியிருக்கிறது. மெயின் கார்டு கேட்டில் கல்லூரிப் பையன்கள் கூட்டம் பிளந்து வழி விட்டிருக்கிறது. மார்க்கெட்டில் பழக்கடை முஜிபுர் ரஹ்மான் கூடையை இழுத்துக்கொண்டு தரையைப் பார்த்திருக்கிறார். அவரிடம் மட்டும் மாமியே நின்று, புத்தகத்தில் போட்டிருந்த விலாசத்தைச் சொல்லி வழி கேட்டிருக்கிறார். மனிதர் தலையை நிமிர்த்தாமலே கையை நீட்டிப் பாலக்கரையைக் காட்டியிருக்கிறார்.

“மாமி, கால் வலிக்கலையா?” என்று அக்னஸ் கேட்டாள்.

“வலிச்சுது. ஆனா நிக்கத் தோணலை. எங்கே போறேன்னு யாரும் கேக்காம நான் இவ்வளவு தூரம் நடந்ததே இல்லையே” என்றார் மாமி. சொல்லிவிட்டுச் சின்னப் பெண் மாதிரி சிரிக்க ஆரம்பித்தார். அக்னஸும் சிரித்தாள். கையில் சோற்றோடு நின்ற என்னைப் பார்த்து இரண்டு பேரும் இன்னும் சிரித்தார்கள்.

அப்புறம் மாமி எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டாம் பாகத்தின் கையெழுத்துப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் வரைக்கும் அந்த வீட்டில் காகிதம் புரளும் சத்தம்தான். நடுவில் அக்னஸ் ஒரு டம்ளர் காபியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள். திரும்பி வந்தபோது டம்ளர் காலி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொன்னால் குற்றமில்லை.

கடைசிக்கு முந்தின அத்தியாயம் முடிந்ததும் மாமி காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “மீதி?”

“எழுதலை மாமி. அண்ணன் அச்சுக்கு எடுத்தாத்தான் எழுதுவேன்.”

மாமி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். “கிளம்புங்கோ. ஸ்ரீரங்கம் போலாம்” என்றார்.

ஜட்கா பிடித்து மூன்று பேருமாகப் போனோம். கீழச் சித்திரை வீதியில் திருவிழாக் கூட்டம். ஆண்கள் எல்லோரும் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சாக்கடையில் கம்பு விட்டுத் துழாவினார். நடுவில் சக்ரபாணி ஐயங்கார், குடுமி அவிழ்ந்து, முகம் வெளுத்து நின்றார்.

விஷயம் என்னவென்றால், பாலத்தடியில் வெகுநேரம் காத்திருந்தும் மனைவி வரவில்லை. பதறி வீட்டுக்கு ஓடி வந்தால் வீட்டிலும் இல்லை. படித்துறையெல்லாம் தேடிவிட்டு வந்தவரை வீரராகவன் பிடித்துக்கொண்டு, “என்ன ஸ்வாமி, எதைத் தேடறேள்?” என்று கேட்டிருக்கிறார். ‘கொலைகாரி மாதிரி நடந்து பார்க்க மனைவியை அனுப்பினேன், காணோம்’ என்று எப்படிச் சொல்வது? வாயில் வந்தது, “குடை.” உடனே தெருவே குடை தேட இறங்கிவிட்டது.

நாங்கள் இறங்கியதும் வீரராகவன், “குடை கிடைச்சுதா?” என்றார். ஐயங்கார் அவருக்குப் பதில் சொல்லாமல் மாமியையும் எங்களையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

“எங்கேடி போனே? பாலத்தடியில காத்துண்டு காத்துண்டு... நான் என்னவெல்லாம் நினைச்சேன் தெரியுமா?” அவர் குரல் உடைந்துவிட்டது. பயந்துபோயிருந்தார், பாவம்.

மாமி குடத்தை இறக்கி வைத்தார். “வந்தேனே.”

“எங்கே வந்தே?”

“உங்களைத் தாண்டித்தான் போனேன். இதோ இவ்வளவு தூரத்துல. நீங்க ஒதுங்கி, மைல் கல் பக்கமா நின்னு, தலையைக் குனிஞ்சுண்டேள். நின்னு கூப்பிடலாம்னுதான் இருந்தேன். சிரிப்பு வந்துடுத்து. அப்படியே பாலத்துல ஏறிட்டேன்.”

ஐயங்கார் அப்படியே நின்றார். அன்று காலை அந்த இடத்தில் எத்தனையோ மடிக் குடங்கள் அவரைத் தாண்டிப் போயிருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் கழுத்து தானாகக் குனிந்திருக்கிறது. வருகிறவள் தன்னிடம் வந்து நிற்பாள் என்ற தைரியத்தில் இருந்துவிட்டார். அதில் ஒரு குடம் தப்பான திசையில் போயிருக்கிறது. சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும் என்று சொன்னவர் அவர்.

“மைல் கல் பக்கமாத்தான் நின்னேன்” என்று மெதுவாகச் சொன்னார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்கே அவரைத் தேற்றலாமா என்று தோன்றியது, முசுடு நான். பிறகு ஐயங்கார் என்னைப் பார்த்து, “நடக்கும்னு எழுதிடறேன் எடிட்டர்வாள். எப்படிச் செஞ்சு பார்த்தேன்கிறதை மட்டும் விட்டுடறேன். ஆத்துக்காரி தனியா பாலக்கரை வரைக்கும் போய்ட்டு வந்தான்னு அச்சுல வந்தா நான் இந்தத் தெருவுல எப்படி நடமாடுவேன்?” என்றார்.

நான் சொல்ல வேண்டியதை மாமி சொன்னார். “எப்படின்னு எழுதாம ஒரு மதிப்புரையாவது போட்டிருக்கேளா? எடிட்டர் தங்கைன்னு சலுகை காட்டினார்னு நாலு பேர் சொல்லுவா. அந்தப் பொண்ணுக்கும் கெட்ட பேர், உங்களுக்கும் கெட்ட பேர். புஸ்தகமும் பரணுக்குப் போயிடும். நடந்தவ நான். எனக்கே வெக்கமில்லை, உங்களுக்கென்ன?”

ஐயங்கார் யோசித்தார். வாசலில் வீரராகவன், “ஸ்வாமி, கறுப்புக் குடையா, பழுப்பா?” என்று கதவைத் தட்டினார். ஐயங்கார் எழுந்து போய்ப் பேனாவை எடுத்தார்.

அந்த மதிப்புரை இப்போதும் எனக்கு மனப்பாடம். “இந்நாவலில் ஆசிரியை மடியின் திசையைத் தவறாக எழுதியிருக்கிறார் என்று கருதினேன். என் பத்தினி குமுதவல்லி நிறைகுடத்துடன் தவறான திசையில் கீழச் சித்திரை வீதி முழுவதும் நடந்து, அவளையே எதிர்பார்த்துக்கொண்டிருந்த என்னையும் கடந்து, பாலமேறிப் பாலக்கரை சேர்ந்தாள். வீதியார் பார்க்கவில்லை. நான் பார்க்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் எத்தனை முறை பார்க்காமல் ஒதுங்கியிருக்கிறேனோ தெரியாது. செய்து பார்த்தாள்: நடக்கும்.”

ஸ்ரீரங்கம் தலைகீழாகிவிட்டது. சந்நிதியில் பேசினார்கள், ரயிலில் பேசினார்கள். ஐயங்காரைச் சிலர் பார்த்தும் பார்க்காதது போலப் போனார்கள். ஆனால் ‘ஏழாம் மதில் மர்மம்’ ஒரு பிரதி மிஞ்சவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், மதிப்புரையைப் படித்த ஆண்கள் எல்லோரும், தங்கள் வீட்டுக் குடம் எந்தப் பக்கம் போகிறதோ என்ற சந்தேகத்தில், எதிரே வருகிற மடிக்காரிகளை எல்லாம் நிமிர்ந்து உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெண்கள் சும்மா இருப்பார்களா? அம்மா மண்டபம் சாலையில் வீரராகவன் தலையில் ஒரு முழுக் குடம் தண்ணீர் விழுந்தது. யார் கொட்டினார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. குடம் கவிழ்ந்ததும் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாராம்.

அக்னஸ் கடைசி அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதினாள். மாதம் திரும்புவதற்குள் இரண்டாம் பாகம் தயார். பைண்டிங் பசைகூடக் காயவில்லை, முதல் பிரதியை நானே எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். ஸ்டேஷனுக்கு ஐயங்கார் வந்திருந்தார். இருவருமாகக் கீழச் சித்திரை வீதிக்குள் திரும்பினோம்.

எதிரே ஒரு மடிக் குடம் வந்தது. நான் ஒதுங்கினேன். ஐயங்காரும் ஒதுங்கித் தலையைக் குனிந்தார். ஆனால் குனிந்தபடியே, மெதுவாக, “குமுதா?” என்றார். அந்தத் தெருவில் எந்தப் புருஷனும் மனைவி பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. குடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு போயிற்று.

“யாரைக் கண்டாலும் இப்படித்தான் கேப்பீங்களா?” என்றேன்.

“பார்க்கப்படாதோல்லியோ. கேக்கலாமே” என்றார்.

இன்னொன்று வந்தது. “குமுதா?” பதில் இல்லை, “கிரகசாரம்” என்று ஒரு முணுமுணுப்பு மட்டும் கேட்டது. ஐயங்கார் அதைப் பொருட்படுத்தவே இல்லை. அடுத்து ஒன்று வந்தது.

“குமுதா?”

குடம் நின்றது.

“ஆமாம். புஸ்தகம் வந்துடுத்தா?”

மாமி காவேரியிலிருந்து வந்துகொண்டிருந்தார், சரியான திசையில், ஈரம் சொட்டச் சொட்ட. நான் புத்தகத்தை எடுத்தேன். ஆனால் எப்படிக் கொடுப்பது? நான் தொட்டதை அவர் தொட்டால் மடி போயிற்று, தண்ணீரும் போயிற்று, திரும்பவும் ஆற்றுக்கு நடக்க வேண்டும். கையை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் நின்றேன்.

மாமி குடத்தை நடுவீதியில் இறக்கி வைத்தார். ஈரக் கையை உதறிக்கொண்டு, என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார். கடைசி அத்தியாயத்தைத் திறந்து, படித்துக்கொண்டே வீட்டைப் பார்த்து நடந்தார்.

சக்ரபாணி ஐயங்கார் தலையை நிமிர்த்தி அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, குடத்தைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனார். இந்தத் தடவை ஒருவரும் தலையைக் குனியவில்லை. கீழச் சித்திரை வீதியே வாசலுக்கு வந்து நின்று பார்த்தது.